விதியாக்கத்தில் வெளிப்படைத்தன்மையின் செலவு

விதியாக்கத்தில் வெளிப்படைத்தன்மை என்பது, அரசு ஒரு விதியை இறுதி செய்யுமுன் அதன் வரைவை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பதாகும். மொழிபெயர்ப்பு, அலுவலர் உழைப்பு, காலதாமதம் என இதற்குச் செலவுகள் உண்டு. இச்செலவை யார் ஏற்பது என்பதற்கு, தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையைத் தொட்ட 2020ஆம் ஆண்டு விதிமாற்றங்கள் நல்ல எடுத்துக்காட்டாகும்.

சட்ட நிலை

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 இன்படி, வரைவு அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பொதுநலன் கருதி இம்முன்னறிவிப்பைத் தவிர்க்கவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் 4ஆம் பிரிவு, தகவலைப் பரப்பும்போது செலவுச் சிக்கனத்தையும் உள்ளூர் மொழியையும் கருத வேண்டும் என்கிறது. இவ்விரண்டும் மோதினால் எது முந்தும் என்று அது கூறவில்லை.

2020 வரைவும் மொழிச் சிக்கலும்

2020 சனவரி 16 அன்று நடுவண் அரசு, எண்ணெய், எரிவாயு வளங்களைத் தேடும் ஆய்வுப் பணிகளை 'பி2' என்ற வகைக்கு மாற்றியது. இவ்வகைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமோ தேவையில்லை. ஆழ்துளைக் கிணறுகளை நெல்வயல்களுக்கு நடுவே காணும் படுகை உழவர்களிடையே இது எதிர்ப்பை எழுப்பியது.

அவ்வாண்டு மார்ச்சில், மதிப்பீட்டு முறையையே மாற்றியமைக்கும் புதிய வரைவு வந்தது. கொரோனா ஊரடங்குக் காலத்தில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அது கிடைத்தது. சூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவிக்கும் காலத்தை ஆகத்து 11 வரை நீட்டித்து, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் வரைவை மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது. சட்டப்படி இரு மொழிகளே போதும் என்று அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. மொழிபெயர்ப்புகளால் பொருள் மயக்கம் வரும் என்ற அச்சம் முற்றிலும் வெற்றுச்சாக்கு அன்று. சட்டச் சொல் ஒன்று பிறழ்ந்தால் வழக்குகள் பெருகும். ஆயினும் அரசு தவிர்க்கும் மொழிபெயர்ப்புச் செலவு மறைந்துவிடுவதில்லை. திருவாரூர்ச் சிற்றூர் ஒன்றில் சட்ட ஆங்கிலம் அறிந்தவரைத் தேடி அலையும் உழவர் அதைச் செலுத்துகிறார்.

மொழிபெயர்ப்பை விடப் பெரிய செலவு, வந்து குவியும் கருத்துகளைப் படிப்பது. இவ்வரைவுக்குப் பல இலட்சம் கருத்துகள் வந்தன. வரைவு இறுதி அறிவிக்கையாக வெளிவரவில்லை.

விரைவின் விலை

தாமதத்தைத் தவிர்ப்பதற்கும் விலை உண்டு. 2020 பெப்ரவரி 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தை அறிவித்தார். அதற்கான சட்டமுன்வடிவு பெப்ரவரி 20 அன்றே சட்டமன்றத்தில் நிறைவேறியது. தெரிவுக்குழுவுக்கு அனுப்புமாறு எதிர்க்கட்சியான தி.மு.க. கேட்டது ஏற்கப்படவில்லை. உழவர்கள் விரும்பிய சட்டம்தான்; எனினும் முதல் அறிவிப்பில் இருந்த திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்தில் இல்லை. ஏற்கெனவே இயங்கிய கிணறுகளும் தடையின்றித் தொடர்ந்தன.

2023இல் நடுவண் அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரியுடன் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் இரண்டும் நீக்கப்பட்டன. மைக்கேல்பட்டிக்கு மண்டலச் சட்டத்தின் காப்பு இருக்கவில்லை.