ஷேவ்ளாவுக்குள் ஊசிகள்!

மும்பையில் ஜூன் மாத மழை பிடித்ததும், அம்மா அப்பாவோடு தாதர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், குட்டீஸ். மாட்டுங்காவிலிருந்து அடுத்த ஸ்டேஷன்தான். தாணே, பால்கர் பக்கத்துக் காடுகளிலிருந்து ஆதிவாசிப் பெண்கள் கீரைகளையும் காய்களையும் கொண்டுவந்து கூறு கட்டி விற்பார்கள். யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் தானாக முளைத்தவை அவை. மராத்தியில் 'ரான்பாஜி' என்பார்கள்.

அவற்றில் ஊதாவும் பழுப்பும் கலந்து, கூம்பிய மொட்டுபோல நீளமாக இருப்பது ஷேவ்ளா. அது கீரையும் இல்லை, காயும் இல்லை; விரியாத பூங்கொத்து! நாம் வறுத்துச் சாப்பிடும் சேனைக்கிழங்குக்கு அது நெருங்கிய சொந்தம். இன்னொரு சொந்தம் சுமத்ரா காடுகளில் இருக்கிறது. அதன் பூங்கொத்து 3 மீட்டர்கூட வளரும். அழுகிய இறைச்சிபோல நாறும்.

செடியில் இலையே இல்லை, பூ மட்டும் எப்படி வந்தது? போன மழைக்காலத்தில் இலைகள் வெயிலில் தயாரித்த மாவுச்சத்து, மண்ணுக்குள் கிழங்கில் பத்திரமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் கிழங்கு அதைச் செலவழித்து முதலில் பூவை அனுப்புகிறது. இலை பிறகுதான் வரும். அதனால் ஷேவ்ளா சந்தையில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும்.

அவசரப்பட்டுப் பச்சையாகக் கடித்துவிடாதீர்கள்! அதன் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக் கட்டாக இருக்கிறது. கடித்தால் ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் தைக்கும், அரிப்பு தாங்காது. ஓடித் தப்பிக்க முடியாத செடிக்கு இதுதான் ஆயுதம்.

அதற்கும் சந்தையிலேயே வழி இருக்கிறது. ஷேவ்ளாவோடு காகட் என்ற பச்சை நிறப் புளிப்புக் காயையும் சேர்த்துத் தருவார்கள். பூவின் நடுத்தண்டில் அரிப்பு அதிகமுள்ள மஞ்சள் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு, மற்றதைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, காகட் சாறு ஊற்றி நன்றாக வேகவைப்பார்கள். அரிப்பு அடங்கிவிடும். நம் பாட்டிகள் சேனைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைப்பதும் இதற்காகத்தான். பள்ளிக்கூடம் போகாமலே இதைக் கண்டுபிடித்துப் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை பாட்டிகளும் விஞ்ஞானிகள்தான் என்பேன்.

சந்தையில் 'டாக்ளா' என்று ஒரு கீரையும் இருக்கும். ஊரில் நாம் தகரை என்போமே, அதுதான். செம்பூரிலும் தாராவியிலும் மழைக்காலத்தில் தெரு ஓரம் தேடிப் பாருங்கள். பகலில் விரிந்திருக்கும் இலைகள் இருட்டியதும் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் உள்ள செல்களில் தண்ணீர் ஏறுவதாலும் இறங்குவதாலும் நடக்கும் வேலை அது.

பார்த்து ரசியுங்கள், பறிக்காதீர்கள். சாக்கடை ஓரத்திலும் தண்டவாளப் பக்கத்திலும் வளரும் செடிகள் மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை வேர்வழியே உறிஞ்சிக்கொள்ளக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே போன உலோகம் வெளியே வராது. காட்டுக்கீரை வேண்டுமென்றால், செடிகளை நன்றாகத் தெரிந்த அந்தச் சந்தை அக்காக்களிடமே வாங்குங்கள். எப்படிச் சமைப்பது என்றும் கேளுங்கள், சொல்லித்தருவார்கள்.