பந்தும் பணியும்: ஐ. எம். விஜயனின் ஆட்ட வாழ்க்கை

கால்பந்தாட்டத்தில் பதினொருவர் உழைப்பின் பயன் பெரும்பாலும் ஒருவர் காலில் வந்து சேர்கிறது. அவரே முன்னணி ஆட்டக்காரர். பந்தை நெடுநேரம் தம்மிடம் வைத்திருப்பது அவர் பணியன்று. எதிரணிக் காப்பாளர்களுக்கிடையே கணப்பொழுது தோன்றும் இடைவெளியைப் பிறர் காணுமுன் கண்டு, பந்தை வலைக்குள் செலுத்துவதே அவர் பணி. நம் நாட்டில் இக்கலையில் தலைசிறந்து விளங்கியவர்களுள் ஒருவர் ஐ. எம். விஜயன். தமிழ்த் திரைப்படம் காண்போர் 2006-இல் வெளியான 'திமிரு' படத்திலும் அவர் முகத்தைக் கண்டிருப்பர்.

1969 ஏப்ரல் 25 அன்று திருச்சூரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். திருச்சூர் விளையாட்டரங்கில் சோடா விற்ற சிறுவன், அதே புல்தரையில் ஆட்டக்காரனாக உயர்ந்தான். பதினெட்டு வயதையொட்டிக் கேரளக் காவல் துறை அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. நம் திருவனந்தபுரத்திலுள்ள சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம் அத்துறைக்கு உரியதே. வி. பி. சத்தியன், சி. வி. பாப்பச்சன் முதலியோர் ஆடிய அவ்வணி 1990, 1991 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெடரேஷன் கோப்பையை வென்றது.

பின்னர்க் கல்கத்தா அழைத்தது. மோகன் பகான் கழகத்தில் ஆடிய விஜயனை வங்காளத்து ரசிகர்கள் 'கறுப்பு மான்' என்று போற்றினர். அடுத்துப் பஞ்சாபின் ஜே.சி.டி. கழகத்துக்குச் சென்றார். 1996-97-இல் முதன்முதலாக நடைபெற்ற தேசியக் கால்பந்து லீகில் அக்கழகம் வாகை சூடிற்று. 1997-இல் எப்.சி. கொச்சின் கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டே அக்கழகம் டூரண்டு கோப்பையை வென்றது.

நாட்டுக்காகவும் அவர் குறைவற ஆடினார். 1999-இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது விநாடியிலேயே கோல் போட்டார். 2003-இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு கோல்கள் போட்டு, அப்போட்டியில் முதலிடம் பெற்றார். அத்துடன் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். 1993, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரைச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு புகழுக்கும் அடியில் ஒரு கேள்வி மறைந்துள்ளது. முன்னணி ஆட்டக்காரரின் கால்வேகம் இருபது ஆண்டுகளுக்குள் தளர்ந்துவிடும். வாழ்க்கையோ அதன்பின்னும் நீண்டு கிடக்கும். அப்பொழுது அவரைத் தாங்குவது யார்? பெருங்கழகங்கள் பெரும்பொருள் தந்தன என்பது உண்மை. ஆயினும் எப்.சி. கொச்சின் பொருள்முடையால் 2002-இல் மறைந்தது, ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. நாட்டணியோ ஆண்டில் சில நாட்கள் அழைத்துப் பெருமை தருமேயன்றி, மாதந்தோறும் ஊதியம் தருவதன்று.

விஜயன் மீண்டும் காவல் துறைக்கே திரும்பினார். அங்கே பணியாற்றி, மலபார் சிறப்புக் காவல் படையின் துணைக் கமாண்டண்டாக 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிட்டியது. அரசுத் துறைகள் விளையாட்டு வீரருக்கு வேலை அளிப்பதை வெறும் சலுகை என எண்ணுவோர் உளர். வறிய வீட்டுச் சிறுவன் ஒருவன் நாளைய உணவைப் பற்றிய கவலையின்றிப் பந்தைத் துரத்த வேண்டுமாயின், அத்தகைய ஊன்றுகோல் இன்றியமையாதது என்பதை இவர் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.