இரண்டு நொடி ஓடும் பம்ப்

அமெரிக்காவில் பழைய செவர்லே சி-10 பிக்அப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கார்புரேட்டர் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, 1999 முதல் அதே கம்பெனி டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் வி-8 இன்ஜினைத் தூக்கி வைப்பது. காயலான் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, இழுவையும் அதிகம். எல்லாம் மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகிவிட்டு நின்றுபோகும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பழி பம்ப் மேல் விழும். புதுப் பம்ப் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் இரண்டே நொடிதான்.

பழைய இன்ஜினில் பம்ப் என்பது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் டயாஃப்ரம். கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு தண்டு அதை இயக்கும், ஐந்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் வரும். கார்புரேட்டருக்கு அது போதும். புது இன்ஜினின் இன்ஜெக்டர்களுக்கோ 58 பி.எஸ்.ஐ. வேண்டும், கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மின்மோட்டார் பம்ப்தான் சரி, அதுவும் டேங்குக்குள் மூழ்கி இருப்பது உத்தமம். வெளியே மாட்டினால் பம்ப் உறிஞ்ச வேண்டும்; உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறையும்; குறைந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். ஆவியைத் தள்ள அந்தப் பம்பால் ஆகாது. கோடை மதியத்தில் ரோட்டோரம் பானெட்டைத் திறந்துவைத்து நிற்பவர்களில் சிலருடைய கதை இது. (பெட்ரோலுக்குள் மோட்டார் என்றால் பற்றிக்கொள்ளாதா? எரிய ஆக்சிஜன் வேண்டுமே. திரவத்துக்குள் அது போதாது. மேலே நிற்கும் ஆவியோ பற்ற முடியாத அளவுக்கு அடர்த்தி.)

இனி அந்த இரண்டு நொடி. சாவி போட்டதும் இன்ஜின் கம்ப்யூட்டர், ரிலே வழியாகப் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் குழாயில் அழுத்தம் ஏற்றுகிறது. அப்புறம் கிராங்க்ஷாஃப்ட் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் மறுபடி கரண்ட். விபத்தில் குழாய் அறுந்து இன்ஜின் நின்றுவிட்டால், பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாதே! ஆகவே செல்ஃப் அடிக்கும்போதும் பம்ப் சும்மா இருந்தால், டேங்கை இறக்குவதற்கு முன் கிராங்க் சென்சாரைப் பார்க்க வேண்டும். இந்த வகை இன்ஜின்களில் முந்தியவை ஒரு சுற்றுக்கு 24 துடிப்புக் கணக்கில் வேலை செய்பவை; பிந்தியவை 58. இன்ஜினை ஒரு வண்டியிலிருந்தும் கம்ப்யூட்டரை இன்னொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் கணக்கு ஒத்துவராது.

பம்ப் ஓடுகிறது, ஆனால் மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது என்றால் அது வேறு கேஸ். இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். பம்ப் வயரைக் கழற்றி வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் ஜம்மென்று காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாததால் வழியிலுள்ள தடை வெளியே தெரிவதில்லை. பம்ப் 8 ஆம்பியர் இழுக்கிறது, துருவும் பெயின்ட்டும் ஏறிய சேஸிஸில் முடுக்கிய எர்த் போல்ட்டில் கால் ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். எட்டைக் காலால் பெருக்கினால் 2 வோல்ட் அங்கேயே காலி. மோட்டார் மெதுவாகச் சுற்றும். ஐட்லிங்கில் பெட்ரோல் போதும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பம்பின் எர்த் வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட்டை முடுக்கலாம். பாசிட்டிவ் பக்கம் பழைய மெல்லிய வயரையே நம்பாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் இழுப்பது நல்லது.

காலையில் மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறதா? சாவியை இரண்டு மூன்று முறை போட்டு நிறுத்திவிட்டு அடித்துப் பாருங்கள். உடனே பிடித்தால், இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் இன்ஜெக்டர்களும் ஒழுகவில்லை என்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு போயிருக்கிறது. அப்போது பம்பை மாற்றலாம்.