கால்மிதி சுவிட்ச்: நீங்கள் நினைக்கும்போது மட்டுமே அழுந்த வேண்டும்

மரப்பலகையில் வளைவுகளையும் எழுத்துகளையும் வெட்டி எடுக்க 'ஸ்க்ரோல் சா' எனப்படும் சிறிய ரம்ப இயந்திரம் பயன்படுகிறது. தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல, இதன் மெல்லிய பிளேடு மேலும் கீழும் வேகமாக ஓடும். பலகையை இரு கைகளாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருப்பதால், விரல்கள் எப்போதும் பிளேடுக்கு அருகிலேயே இருக்கும்.

பிளேடு பலகையில் சிக்கினால் பலகையும் சேர்ந்து குதிக்கும். அப்போது சுவிட்சை அணைக்க ஒரு கையை எடுத்தால் பலகை கட்டுப்பாட்டை இழக்கும். காலால் இயக்கும் சுவிட்ச் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கை பலகையில் இருக்கும்போதே காலை எடுத்தால் இயந்திரம் நின்றுவிடும்.

ஆனால் அதே சுவிட்ச் தவறான இடத்தில் கிடந்தால், நீங்கள் எதிர்பாராத நேரத்தில் இயந்திரத்தை ஓடவிடும். யோங் பெங்கில் மரப்பட்டறையில் வேலை செய்பவராயினும், வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் பெயர்ப்பலகையோ சாமி மேடைக்கான அலங்காரமோ செய்பவராயினும், இந்தக் கையேடு உங்களுக்கானது.

ஆபத்து எப்போது அதிகம்?

பலகையின் உட்பகுதியை வெட்டும்போது முதலில் ஒரு துளையிட வேண்டும். பிறகு பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மீண்டும் கவ்வியில் பொருத்த வேண்டும். பூ வேலைப்பாடு நிறைந்த ஒரு பலகைக்கு இதைப் பலமுறை செய்ய நேரிடும்.

இந்த நேரத்தில் உங்கள் விரல்கள் பிளேடின் மேலேயே இருக்கின்றன. கண்கள் கவ்வியைப் பார்க்கின்றன. கால் மேசைக்கு அடியில் இருக்கிறது. கால்மிதி வேலை செய்ய வேண்டுமானால் இயந்திரத்தின் சொந்த சுவிட்ச் திறந்தே இருக்க வேண்டும். எனவே கால் தெரியாமல் பட்டாலே இயந்திரம் ஓடத் தொடங்கும்.

பிளேடைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சாக்கெட்டின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். சாக்கெட் எட்டாத இடத்தில் இருந்தால் இந்தப் பழக்கம் இரண்டு நாளில் மறைந்துவிடும். ஆகவே சுவிட்ச் உள்ள சாக்கெட் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும் தூரத்தில் இருக்குமாறு இயந்திரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகைக் கால்மிதியை வாங்குவது?

இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடும். மற்றொன்று, ஒருமுறை மிதித்தால் ஓடும். மறுமுறை மிதித்தால்தான் நிற்கும். முதல் வகையையே தேர்ந்தெடுங்கள். கை வலித்தாலும், பதறினாலும், இருக்கையிலிருந்து சரிந்தாலும் கால் விலகியவுடன் மின்சாரம் துண்டிக்கப்படும்.

• கால்மிதியில் குறிக்கப்பட்ட மின்னோட்ட அளவு (ஆம்பியர்), இயந்திரத்தின் தேவையைவிடக் குறைவாக இருக்கக்கூடாது.
• மலேசியாவில் பயன்படும் மூன்று முனை பிளக் இருக்க வேண்டும். அதில் சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.
• சில இயந்திரங்களில், மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாதபடி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். இத்தகைய இயந்திரம் சாதாரணக் கால்மிதிக்கு ஒத்துவராது. கால்மிதிக்காக அந்தப் பாதுகாப்பை நீக்காதீர்கள்.

எங்கே வைப்பது?

உட்கார்ந்து வேலை செய்வதே நல்லது. நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்கிக் கால்மிதியை அழுத்தினால் உடல் எடை மற்றொரு காலில் விழும், சமநிலை தவறும், இடுப்பும் வலிக்கும்.

வழக்கம்போல இருக்கையில் அமருங்கள். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியட்டும். குதிகால் தரையில் இருந்தபடியே, கணுக்காலை மட்டும் அசைத்து அழுத்தக்கூடிய இடத்தில் கால்மிதியை வையுங்கள். காலை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது மிகத் தொலைவு. கால் ஓய்வாக இருக்கும்போதே அதன்மேல் பட்டால் அது மிக அருகில்.

கால்மிதியின் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு கட்டையை வைத்து, ஓய்வு நேரத்தில் பாதத்தை அதன்மேல் வைக்கப் பழகுங்கள். கால்மிதியின் மேல் பாதத்தை வைத்தபடி காத்திருக்கக்கூடாது.

எப்படிப் பொருத்துவது?

மரத்தூள் படிந்த சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் கால்மிதி எளிதில் வழுக்கும். அது சிறிது சிறிதாக நகர, கால் அதைத் தேடும். கண்ணும் பிளேடிலிருந்து கீழே திரும்பும்.

1. இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு, ஓர் அகலமான ஒட்டுப்பலகையை எடுங்கள். அதன் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பை ஒட்டுங்கள்.
2. கால்மிதியை அந்தப் பலகையின் முன்பகுதியில் பொருத்துங்கள். குதிகாலும் அதே பலகையில் பதிய இடம் விடுங்கள். உங்கள் காலின் எடையே பலகையை நகராமல் பிடித்துக்கொள்ளும்.
3. கால்மிதியில் திருகாணிக்கான துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சுற்றிலும் மரச்சட்டம் அடித்து அதற்குள் உட்கார வையுங்கள். கால்மிதியின் உடலில் புதிதாகத் துளையிடாதீர்கள். உள்ளே மின்கம்பி இருக்கிறது.
4. மேலேயும் இரு பக்கங்களிலும் மூடி, கால் நுழையும் பக்கம் மட்டும் திறந்த ஒரு மரக்கூடு செய்யுங்கள். விழும் மரத்துண்டோ, நாற்காலிச் சக்கரமோ, வீட்டுப் பூனையோ கால்மிதியை அழுத்தாமல் இது தடுக்கும்.
5. மின்கம்பியை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். நடைபாதையின் குறுக்கே விடாதீர்கள்.

கடைசியில் பிளேடைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். வேலையின்போது அணியும் மூடிய காலணியுடன், தரையைப் பார்க்காமல் பத்து முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் கால் தடுமாறாமல் சென்றதா? பலகை இடம் மாறாமல் இருந்ததா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் வேலையைத் தொடங்கலாம். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வையுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள வீட்டில்.

விரல் வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். சிறிய காயமாக இருந்தாலும் யோங் பெங் சுகாதார கிளினிக்கில் காட்டி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

இரத்தம் நிற்காவிட்டாலோ விரல் துண்டிக்கப்பட்டாலோ 999-ஐ அழையுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி நேரடியாக விரலில் படக்கூடாது.

உங்கள் உரிமை

1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. பாதுகாப்பான இயந்திரமும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. அவற்றை முறையாகப் பயன்படுத்துவது தொழிலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் சரிசெய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்க உங்களுக்கு உரிமை உண்டு.

சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும், 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோ (சொக்சோ) திட்டம் உள்ளது. உங்கள் தொழில் அதில் அடங்குமா என்பதை அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்று வேலையில் அமரும் முன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். கால்மிதி எங்கே இருக்கிறது? நேற்று வைத்த இடத்திலேயே இருக்கிறதா?