இரண்டு துறைகள், ஒரே பட்டம்: ஒரு சிறு கணக்கு

“உனக்கு மிகவும் பிடித்த பாடம் எது?” என்று யாராவது கேட்டால் உங்களில் சிலர் விழிப்பீர்கள். வேதியியல் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும். பத்தாம் வகுப்பு வரை இரண்டும் கூடவே வந்தன. அதன் பிறகு ஒன்றை விட வேண்டியிருக்கிறது. கல்லூரியிலாவது இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

முடியும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே மாணவர் இரண்டு முதன்மைப் பாடங்களை எடுக்கலாம். ஆனால் அதற்கு என்ன செலவாகும்? பணத்தைச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அங்கே படிப்பைக் ‘கிரெடிட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு. அதற்காக வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு. இதுவே ஒரு கிரெடிட். நான்காண்டுப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். எட்டுப் பருவங்களுக்குப் பங்கிட்டால், பருவத்திற்கு 15. அதாவது வாரத்திற்கு 45 மணி நேரம்!

இந்த 120-இல் பொதுப் பாடங்கள், முதன்மைப் பாடம், விருப்பப் பாடங்கள் என மூன்று பங்குகள் உண்டு. எளிமைக்காக ஒவ்வொன்றும் 40 என்று கொள்வோம். இரண்டாவது முதன்மைப் பாடம் எங்கே நுழையும்? விருப்பப் பாடங்களின் இடத்தில்தான்.

இயற்பியலையும் கணிதத்தையும் எடுத்தவருக்கு நுண்கணிதம் போன்ற பாடங்கள் இரண்டுக்கும் பொது. அப்படி 15 கிரெடிட் பொதுவாக இருந்தால், புதிதாக 25 போதும். வேதியியலையும் வரலாற்றையும் எடுத்தவருக்கோ பொதுவானது அநேகமாக எதுவும் இல்லை. 40-ம் கரைந்துவிடும்! துறைகளின் தொலைவு கூடக் கூடச் செலவும் கூடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அறிவியல் பாடங்கள் ஏணிப்படிகள் போன்றவை. முதற்படியை முடித்தால்தான் அடுத்த படி. வகுப்பு நேரங்கள் மோதி ஒரு படி தவறினால், சில சமயம் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் இது வீண் முயற்சியா? இல்லை. மே ஜெமிசன் என்ற அமெரிக்கப் பெண்மணி 16 வயதில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1977-இல் வேதிப் பொறியியலில் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க மக்களைப் பற்றிய துறைக்கு வேண்டிய பாடங்களையும் முடித்தார். பின்னர் மருத்துவரானார், மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். 1992 செப்டம்பரில் ‘எண்டெவர்’ ஓடத்தில் விண்வெளிக்குச் சென்றார். விண்ணில் பறந்த முதல் ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண் அவரே.

வேறொரு வழியும் உண்டு. ஹெரால்டு வார்மஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார்; பட்டம் பெற்ற பிறகும் அதையே தொடர்ந்தார். பிறகுதான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புற்றுநோய் மரபணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1989-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இரண்டு துறைகளையும் அவர் ஒரே நேரத்தில் சுமக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார்.

நம் நாட்டிலும் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்க வழி செய்தது. இரண்டையும் நேரில் சென்று படிப்பதானால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது. ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி விதிகள் வேறுபடும். கேட்டறிந்தே சேர வேண்டும்.

நீங்கள் முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பாடத்திற்குச் சோதனைச்சாலையும் ஆசிரியரும் கட்டாயம் வேண்டுமா, நூலகம் போதுமா? அந்தப் பட்டம் இல்லாமல் நீங்கள் விரும்பும் வேலைக்குப் போக முடியாதா? அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு சோதனை. வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு 56-ஐக் கழித்தால் மிச்சம் 112. அதில் 45 படிப்புக்கு. பயணம், உணவு, வீட்டு வேலை, விளையாட்டு, நண்பர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கழியுங்கள். இரண்டாவது பாடத்தால் சுமை பருவத்திற்கு 20 கிரெடிட்டாக உயர்ந்தால், மேலும் 15 மணி வேண்டும். அது உங்கள் தாளில் மிஞ்சுகிறதா? இன்று மாலையே எழுதிப் பாருங்கள்!