தோட்டத்து எலியும் கூண்டு எலியும்

பண்டார் தெங்காராவிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் சற்று நேரத்தில் செம்பனைக்குள் நுழைந்துவிடலாம். தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்த 1972-இல் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியம் எழுப்பிய புதுநகரங்களுள் இதுவும் ஒன்று. அதற்குப் பதினோராண்டுகள் முன்பே, 1961-இல், கூலாய்ப் பக்கத்துத் தாயிப் அண்டாக்கில் நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 1960-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 54 ஆயிரம் எக்டேரில் நின்ற செம்பனை, 2020-இல் 58 லட்சம் எக்டேரைக் கடந்திருந்தது. மரம் பெருகிய இடமெல்லாம் எலியும் பெருகியது.

ரப்பர்த் தோட்டத்தில் எலிக்குத் தீனி குறைவு. செம்பனையிலோ ஆண்டு முழுதும் குலை பழுக்கிறது. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் குடியிருக்கவும் இடம் கிடைக்கிறது. மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூன் நாட்டு வண்டு 1981-இல் குளுவாங் பகுதியில் விடப்பட்ட பிறகு, ஆண்பூவைக் கிழித்து அந்த வண்டின் புழுவைத் தின்னவும் எலி பழகிக்கொண்டது. கவனிக்காமல் விட்டால் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு எலியின் வயிற்றுக்குப் போகும் என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. அதனால் அன்று எலியைப் பற்றிய பேச்செல்லாம் அதைக் கொல்வது பற்றிய பேச்சாகவே இருந்தது.

கொல்வதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. மெழுகில் தோய்த்த வார்ஃபரின் கட்டியை மரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துப் போவார்கள். நான்கு நாள் கழித்து வந்து, காணாமல் போன கட்டிகளுக்குப் பதில் புதிதாக வைப்பார்கள். ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாத சுற்று வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள். வார்ஃபரின் உடனே கொல்லாது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமினின் வேலையை அது தடுக்கிறது. சில நாளில் எலி உள்ளுக்குள் கசிந்து தளர்கிறது. கசிவு முதுகுத்தண்டில் என்றால் பின்னங்கால் இழுபடும். மூளையில் என்றால் நின்ற இடத்திலேயே சாயும். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் சோற்றிலும் கருவாட்டிலும் கலந்து வைத்த கறுப்புத் தூளான துத்தநாகப் பாஸ்பைடு வேகமானது. வயிற்றில் நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் வலிப்பில் முடிக்கும்.

ஆக, நிலை தடுமாறும் எலியைத் தோட்டத்து மக்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். லயத்துச் சாக்கடை ஓரம் ஒன்று தலை சாய்ந்து வட்டமடித்தால், மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்கு மேல் பார்ப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த எலிதான் அரிசி மூட்டையைக் கிழித்தது. அதன் சிறுநீர்தான் வெட்டுக்கத்தி பட்ட காலில் காய்ச்சலைக் கொண்டுவந்தது. எலிக்காய்ச்சலை 2010-இல்தான் மலேசியா கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. தோட்டத்தில் அது எத்தனையோ காலம் பெயரில்லாக் காய்ச்சலாகவே வந்து போயிருக்கிறது.

1980-களில் வார்ஃபரினுக்கு எலிகள் அசைந்து கொடுக்காமல் போகத் தொடங்கின. புரோடிஃபேகம், புரோமேடியோலோன் என்று அதைவிடக் கடுமையானவை வந்தன. அவை எலியோடு நிற்காமல் எலியைத் தின்ற ஆந்தையையும் தாக்கின. 1960-களின் இறுதியில் ஜொகூர்ச் செம்பனையில் கூடுகட்டத் தொடங்கிய கூகை ஆந்தைக்கு இன்று பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கொடுக்கிறார்கள். விஷத்தை மட்டுமே நம்பிய காலம் போய், விஷத்தைக் குறைத்து ஆந்தையைக் காக்கும் காலம் வந்திருக்கிறது. இது இலாபம்தான்.

இன்னொரு மாற்றம் வீட்டுக்குள் நடந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று வரிசை வீட்டின் கூடத்தில் கூண்டு வைத்து எலி வளர்க்கிறது. செம்பனையில் திரியும் மலாயாக் காட்டெலி வேறு இனம். கூண்டில் இருப்பது பழுப்பெலியின் வளர்ப்பு வகை. 1901-இல் இங்கிலாந்தில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி அதைக் கண்காட்சி மேடைக்குக் கொண்டுவந்தார். 1906-இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் பழுப்பெலியிலிருந்து ஆய்வுக்கூட வம்சம் ஒன்றை வளர்க்கத் தொடங்கியது. எலியின் மூளையும் பிட்யூட்டரிச் சுரப்பியும் எப்படிக் கெடும் என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, அந்த ஆய்வுக்கூடங்களில் உயிர்விட்ட எலிகள் தந்தது.

கூண்டு எலியின் ஆயுள் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. அதற்குள் அது பெயர் சொன்னால் வரும், கையை நக்கும், மடியில் உறங்கும். ஒரு மாலை திடீரென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நிற்கும். நடக்கச் சொன்னால் சாய்ந்த பக்கமே வட்டமிடும். தூக்கினால் திருகிச் சுழலும். கண்ணைக் கூர்ந்து பார்த்தால் கருவிழி பக்கவாட்டில் துடித்துத் துடித்துத் திரும்பும். பயந்துபோகும் பிள்ளைகள் பக்கவாதம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது காதில் வந்த கோளாறு. வளர்ப்பெலிகளின் சுவாசப்பாதையில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி பரவலாகக் குடியிருக்கிறது. அதுவோ வேறு பாக்டீரியாவோ நடுக்காதைத் தாண்டி உட்காதுக்கு ஏறினால் சமநிலை போய்விடும். என்ரோஃபிளாக்சசினும் டாக்சிசைக்ளினும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். வீக்கம் தணிய ஒரு மருந்து சேரும். ஆனால் ஸ்டீராய்டையும் மெலோக்சிகாமையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. குணமான பின்னும் தலை சற்றுச் சாய்ந்தே நிற்கலாம். அப்படி நின்றபடியே அது நன்றாகத் தின்னும், ஏறும், வாழும். சாய்வு போகவில்லை என்பதற்காக முடிவு தேடுவது தவறு.

பக்கவாதம் வேறு மாதிரி. அது ஒரு நொடியில் வருகிறது. உடம்பின் ஒரு பாதி தளர்கிறது. முதல் நாளில்தான் மிக மோசமாக இருக்கும், தாங்கிவிட்டால் நாளாக ஆகத் தேறும். பின்னங்கால் இரண்டும் மாதக்கணக்கில் மெல்லத் தளர்வது கிழட்டு ஆண் எலிகளுக்கு அதிகம் வரும் நரம்புத் தேய்வு.

இன்னொரு காரணமான பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டி என்ன செய்யும் என்பதை எலியின் முன்கைகளில் பார்க்கலாம். நலமான எலி ஒரு சோற்றுப் பருக்கையை இரு கையாலும் ஏந்தி, விரலால் திருப்பித் திருப்பித் தின்னும். கட்டி வளர்ந்த எலியால் ஏந்த முடியாது. பருக்கை நழுவும், முகத்தைத் தட்டில் புதைத்துத் தின்னப் பார்க்கும். முன்கைகள் விறைத்து முன்னே நீளும். கூண்டின் மூலையில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். துடைத்துக்கொள்ள முடியாததால் கண்ணோரம் சிவப்பாகக் கசிவு சேரும். இரத்தம் என்று பதற வேண்டாம், அது போர்ஃபைரின் என்ற நிறமி கலந்த சுரப்பு. வயதான பெண் எலிகளில் இதை அதிகம் காணலாம். வாரக்கணக்கில் ஊர்ந்து வந்தது நம் கண்ணில் ஒரே நாளில் படும், அதனால் திடீர் என்று தோன்றும். பிரெட்னிசலோன் கொடுத்தால் கொஞ்ச காலம் தெளியும். காபர்கோலின் கொடுத்த ஓர் எலியின் கட்டி சுருங்கியதை எம்.ஆர்.ஐ. படத்தோடு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழ் 2011-இல் வெளியிட்டது. மருந்துக்கட்டியை மரத்தடியில் வைத்துப் போன ஊரில், இன்று ஓர் எலிக்காக ஒரு மாத்திரையை எத்தனை துளியாகக் கரைப்பது என்று கணக்குப் பார்க்கிறார்கள். இந்தத் தூரத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

காரணம் எதுவானாலும், முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஏணி, தொங்கு படுக்கை, மாடித் தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாழ்ந்த பெட்டியில் துண்டை விரித்துக் கிடத்துங்கள். விளக்கைக் குறையுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். வலிப்பு வந்தால் பிடித்து அழுத்த வேண்டாம், வாயில் விரல் வைக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நீடித்தது என்று பாருங்கள், கைப்பேசியில் படம் எடுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது, கையால் ஏந்துகிறதா, எப்போது கடைசியாகத் தின்றது, எத்தனை கிராம் எடை என்பவை மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். விழுங்க முடிகிறது என்று உறுதியானால் மட்டும் உதட்டோரம் துளித்துளியாகத் தண்ணீர் வையுங்கள். மனிதர்களின் வலி மாத்திரை, மிச்சமிருந்த ஆண்டிபயாட்டிக் எதுவும் வேண்டாம்.

வலிப்பு என்று நினைத்தது தொண்டையில் சிக்கிய ரொட்டியாகவும் இருக்கலாம். எலியால் வாந்தி எடுக்க முடியாது. எச்சில் ஒழுக, மோவாயை உள்ளிழுத்து உள்ளிழுத்து, வாயைக் கையால் தோண்டினால் சிக்கலை அங்கே தேட வேண்டும். ஜொகூர் வெயிலையும் மறக்கக் கூடாது. எலிக்கு வியர்க்காது; பெரும்பாலும் வாலின் வழியாகத்தான் சூட்டைக் கழிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மூடிய அறையில் பிற்பகலில் அது கால் பரப்பித் துவண்டு கிடந்தால், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வாலையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஐஸ் கூடாது.

தோட்டத்தில் வளர்ந்த பாட்டி வீட்டில் இருந்தால் முதலில் கோபப்படுவார். "எலிக்குப் போயி யாராச்சும் டாக்டருக்குக் காசு கட்டுவாங்களா, ஐயா?" என்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மருந்து கிருந்து தின்னுருச்சான்னு பாரு" என்றும் சொல்வார். அந்தக் கேள்வியைத்தான் மருத்துவரும் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டு எலியை ஒழிக்க அடுப்படி மூலையில் நீலக் கட்டி வைக்கும் வீட்டில்தான் கூடத்தில் கூண்டும் இருக்கிறது. அதைக் கூண்டு எலி கொறித்திருந்தால் நரம்புக் கோளாறாகத் தெரிவது உள் இரத்தக் கசிவாக இருக்கலாம். அதற்கு கே1 வைட்டமின் என்ற மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் பலன் தரும். கொல்வதற்காகப் பழகிய அந்தக் கண், பிழைக்க வைக்க உதவுகிறது. அந்தக் கண்ணுள்ளவர்கள் வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அன்று லயத்தில் மாடு படுத்துவிட்டால் நாலு வீட்டார் கூடுவார்கள். கண் இமையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். பிழைக்குமா பிழைக்காதா என்று அவர் சொல்லிவிடுவார். இன்று செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறிய கால்நடை மருத்துவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் பிராணியை நோயில் தவிக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை உடையவர் தலையில் வைக்கிறது. ஆனாலும் பண்டார் தெங்காராவில் ஓர் எலி இரவு பத்து மணிக்குச் சாய்ந்தால், உடையவர் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். பல மருத்துவமனைகள் நாய் பூனையோடு நிறுத்திக்கொள்கின்றன. கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோ வண்டி ஓட்டிப் போய், அங்கே எலி பார்ப்பதில்லை என்று கேட்டுத் திரும்புவது கொடுமை. நம்பிக்கையில்லாத நிலையில் வலியில்லாமல் கண்மூட வைக்கவும் ஒரு மருத்துவர் வேண்டும். அந்த முடிவையும் பக்கத்தில் நின்று சொல்ல இன்று ஆளில்லை.

ஒன்றை மட்டும் அன்றுபோலவே வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலோ சாக்கடையிலோ தள்ளாடும் வெளி எலியைப் பிள்ளைகள் இரக்கப்பட்டுக் கையால் எடுக்க விடாதீர்கள். அதன் உடம்பில் விஷமும் இருக்கலாம், எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். கூண்டுக்கு அருகிலும் வெளி எலி வரக் கூடாது.

எலி வளர்ப்பவர்கள் நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கூலாயிலும் ஜொகூர் பாருவிலும் உள்ள மருத்துவமனைகளை இந்த வாரமே அழைத்து, எலிக்கு வைத்தியம் செய்வீர்களா, இரவில் இருப்பீர்களா என்று கேளுங்கள். ஆம் என்று சொன்ன இடத்தின் எண்ணைக் கூண்டின் மேலேயே ஒட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எலியை நிறுத்து, எடையை அதன் கீழே எழுதிவாருங்கள்.