கரிய மணலும் வெண்ணிறப் பொடியும்

திருகோணமலைக்கு வருவோர் பெரும்பாலும் கோணேசரைத் தரிசித்து, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடித் திரும்பிவிடுவர். வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைத் தொட்டுப் புல்மோட்டை வரை செல்லும் 50 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட கடற்கரை வீதி அவர்தம் கணக்கில் வருவதில்லை. சென்ற விடுமுறையில் நானும் என் துணைவியும் அவ்வீதிவழியே பயணஞ் செய்தோம்.

இறக்கக்கண்டியிலே களப்பு கடலோடு கலக்கின்றது. பாலத்தின் ஒருபுறம் அலையெறியும் கடல். மறுபுறம் அசைவற்ற நீர்ப்பரப்பில் வலை வீசுவோர். 2004 இன் ஆழிப்பேரலையையும் நெடும் போரையும் கண்ட கரை இது. எனினும், அன்று காலை மீன் விலை பேசும் குரல்களே அங்கு ஓங்கி ஒலித்தன.

மேலும் வடக்கே திரியாய்க் குன்றில் ஏறினோம். உச்சியிலே கற்றூண்கள் சூழ்ந்த வட்ட வடிவப் பௌத்த ஆலயம் உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாறைச் சாசனம், வடமொழியைக் கிரந்த எழுத்திலே தாங்கி, வணிகர் கூட்டத்தார் இவ்வாலயத்தை எடுப்பித்த செய்தியைக் கூறுகின்றது. கடல்வழி வந்த வணிகம் இக்கரைக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

புல்மோட்டையை அடைந்தபோது மணலின் நிறமே மாறிவிட்டது. என் துணைவி ஒரு பிடி அள்ளினாள். “கையளவுதான், ஆனால் என்ன கனம் பாருங்கள்!” என்றாள். அக்கனத்திலேதான் அம்மணலின் வரலாறு முழுதும் அடங்கியுள்ளது. உள்நாட்டுப் பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, ஆறுகளால் கடல் சேர்கின்றன. அலைகள் இலேசான மணலை அடித்துச் செல்ல, கனத்த மணிகள் கரையில் எஞ்சுகின்றன. இல்மனைற், ரூற்றைல், சிர்க்கோன் என்பன அவற்றுள் முதன்மையானவை. நம் பெண்கள் சுளகிலே பதரைப் புடைத்து மணியைத் தேக்குவதுபோலக் கடலும் புடைத்து வைக்கின்றது. கடல் ஒருங்கே சேர்த்ததை ஆலை வகைபிரிக்கின்றது: வலிய காந்தம் இல்மனைற்றை இழுத்துக்கொள்ள, மின்புலம் ரூற்றைலையும் சிர்க்கோனையும் வேறாக்குகின்றது. இதற்கென அரசு 1957 இல் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. போர்க்காலத்திலே, 1997 இல், இங்கு மணல் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலொன்று தாக்கப்பட்டமையும் நினைவுகூரத்தக்கது.

ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்புரோத்து 1789 இல் சிர்க்கோனியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தது இலங்கைச் சிர்க்கோன் கல்லை ஆராய்ந்தே என்பதை நம் மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? கலைமேதை ஆனந்த குமாரசுவாமி முதலில் ஒரு நிலவியலாளர் என்பதும் பலர் அறியாததே. 1903 முதல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கிய அவர், 1904 இல் தோரியனைற் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்ற அவரும் அவர்தம் மனைவி எதெலும் வழியிலே கண்டவர்கள் கைவினைஞர்களை. அவர்களின் நலிவைக் கண்ட மனமே 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாயிற்று. அந்நூலுக்குப் படம்பிடித்தவர் எதெல் அம்மையார்.

அத்தம்பதியரின் பார்வை இன்று நமக்கும் வேண்டும். இல்மனைற்றிலிருந்து பெறப்படும் வெண்ணிறப் பொடியே வீட்டுச் சுவரின் வர்ணத்திலும், தாளிலும், பற்பசையிலும் வெண்மை தருகின்றது. நாமோ கரிய மணலைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றுகின்றோம். வெண்மையாக அது திரும்பிவரும்போது மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றோம். இடையிலுள்ள விலைவேற்றுமை அறிவின் விலையன்றி வேறென்ன? அவ்வறிவை வளர்க்க ஆய்வுகூடங்கள் வேண்டும்; அவற்றுக்கு முன், தம் காலடி மண்ணின் பெயரறிந்த மாணவர்கள் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மணலை நிறுக்கும் தராசிலே, கரை அரிப்பையும், தோணி தள்ள இடம் வேண்டிநிற்கும் கடற்றொழிலாளரின் பாட்டையும் சேர்த்தே நிறுக்கவேண்டும். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை ஒருமுறை இவ்வீதிவழியே அழைத்துச் செல்வாராக. புவியியல், வேதியியல், வரலாறு, பொருளியல் ஆகிய நான்கு பாடங்களும் ஒரே கரையில் விரிந்து கிடக்கின்றன.